ஊவா மலையில் உபதேசியார் நடந்த வழி

பதுளை நகரோடு இருப்புப் பாதை முடிந்துவிடுகிறது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென மலைகளைக் குடைந்து போடப்பட்ட வழி அது. 1893இல் அப்புத்தளையையும் அடுத்த ஆண்டு பண்டாரவளையையும் எட்டிய புகைவண்டி, பதுளைக்கு வந்து சேர 1924ஆம் ஆண்டு வரை சென்றது. எல்லவுக்கும் தெமோதரவுக்கும் இடையே ஒன்பது வளைவுகள் கொண்ட பாலம். தெமோதரவிலே, பாம்பு தன் வாலைத் தானே தேடுவது போலப் பாதை சுற்றி வளைந்து, கடந்துவந்த நிலையத்தின் அடியிலேயே நுழைந்து செல்லும் விந்தை. இவற்றைக் காண்பதற்கென்றே இன்று பல தேசத்தவர் வருகின்றனர். வண்டியின் கதவோரம் நின்று அவர்கள் எடுக்கும் படங்களில் மலையும் மஞ்சும் பச்சைக் கம்பளமும் இருக்கும். அப்பச்சையின் நடுவே தகரக் கூரையோடு வரிசை வரிசையாய்த் தெரியும் லயங்கள் அப்படங்களிற் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

நாம் சென்றதன் காரணம் வேறு. எமது கல்லூரியில் மலையக மக்களின் வரலாற்றைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "இவ்வளவையும் பட்டவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், சேர்?" என்று வினவினாள். சட்டங்களின் ஆண்டுகளும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கைகளும் எம் கையில் இருந்தன. அவை அவ்வினாவுக்கு விடையாகா. எம்முடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவர், கத்தோலிக்கர். "விடுமுறைக்கு என் பெரியம்மாவிடம் போவோம். அவரைக் கேளுங்கள்" என்றார். அவ்வளவே பயணத்தின் தோற்றுவாய்.

நாம் சைவர். இவ்வாறு எழுதுவதால் மதம் மாறும் எண்ணமோ பிறரை மாற்றும் எண்ணமோ எமக்குண்டென்று வாசகர் கொள்ளவேண்டா. மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் இந்துக்களே. மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் அவர்களை எவ்வாறு தாங்கி நின்றன என்பது தனியே எழுதத்தக்கது. சிறு தொகையினரான கிறிஸ்தவரைத் தாங்கி நின்றது எது என்பதை மட்டுமே இங்கே காண முயல்கிறோம்.

பதுளை நகரில் இறங்குவோர் முத்தியங்கனை விகாரையையும் துன்ஹிந்த அருவியையும் கேட்டறிந்து செல்வர். நண்பரோ எம்மை முதலிற் புனித மாற்கு ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார். 1857இல் எழுந்த அங்கிலிக்கன் கோயில் அது. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பாரின் நினைவாகக் கட்டப்பட்டது. அவர் பதுளையிலே அரசாங்க உதவி ஏசண்டாக இருந்தவர். பாதைகள் பல வெட்டுவித்தவர். ஏறத்தாழ 1,400 யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்றும் சொல்லப்படுகிறது. 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆந் தேதி அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். யானைகளின் பழி என்று ஊரார் பேசிக்கொண்ட கதை இன்றும் வழங்குகிறது. கோயிலின் உள்ளே குளிர்ச்சி, நிசப்தம், பழைய மரத்தின் மணம். நல்ல கட்டடந்தான்.

ஆயினும் அங்கே நின்றபோது எம் மனம் வேறொன்றை எண்ணிற்று. ரொஜர்ஸ் மாண்ட அதே காலத்தில், கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்துத் தென் மாவட்டங்களிலிருந்து தோணியேறிய மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து, அங்கிருந்து இந்த ஊவா மலைகளை ஏறிக்கொண்டிருந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலே விழுந்தோர் ஆயிரக்கணக்கினர். அவர்களுக்குக் கல்லுமில்லை, கல்லில் எழுதப் பெயருமில்லை. துரைமார் தொழுத கடவுளும், பின்னாளில் அந்தோனியார் கோயில் வாசலில் ஒரு கொழுந்து பறிக்கும் பெண் மெழுகுவர்த்தி ஏற்றித் தொழுத கடவுளும் ஒருவரே என்றால், இடையிலே ஏதோ பெரிய பயணம் நடந்திருக்க வேண்டும் அன்றோ? அந்தப் பயணத்தைச் செய்து முடித்தவர் உபதேசியார்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோட்டங்களுக்கு வந்தோரிற் சிலர் முன்பே கிறிஸ்தவர்கள். 1850களின் நடுவில் சர்ச் மிஷனரிச் சங்கத்தார் தோட்டத் தமிழருக்கென்று தனி மிஷன் ஒன்றைத் தொடங்கியபோது, போதிப்பதற்குத் திருநெல்வேலிச் சபையிலிருந்தே உபதேசிமாரை வரவழைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்' என்பது. மனிதனை இரட்சிக்கப் புறப்பட்டவர்களும் அவனைக் கூலி என்றே அழைத்தார்கள். பல்லாண்டுகளின் பின்னரே அப்பெயர் மாறிற்று. பணம் கொடுத்துதவியவர்களுள் தோட்டத் துரைமாரும் இருந்தனர். மனமார உதவியோர் உண்டு. தொழிலாளி குடியாமலும் ஓடிப்போகாமலும் இருப்பதற்கு வேதம் பயன்படும் என்று கணக்குப் பார்த்தவர்களும் உண்டு. கத்தோலிக்கர் பக்கத்திலோ, 1845இல் இலங்கையில் வந்திறங்கிய சில்வெஸ்திரின் பெனடிக்தின் துறவிகள் கண்டிச் சீமையிற் பணிசெய்தனர். 1880களிலே மெதடிஸ்த சபையினரும் ஊவாவுக்கு வந்தனர். எந்தச் சபையாயினும் நிலைமை ஒன்றே: குருமார் சிலர், தோட்டங்கள் பல, பாதையோ கழுதைப் பாதை. ஆதலால், மாதத்தில் ஒருநாள் குருவானவர் வந்து பூசை நிறைவேற்றுவதைத் தவிர மற்றெல்லாம் உபதேசியார் தலையிலே விழுந்தன.

மாணவர்கள் அவரை மனக்கண்ணிற் காண வேண்டும். வெள்ளை வேட்டி, பழைய கறுப்புக் கோட்டு, கையிற் குடை, தோளில் ஒரு பை. பையினுள் வேதப் புத்தகம், செபப் புத்தகம், பேனை, மைக்கூடு. விடியற் காலையிலே தப்பு அடித்துப் பிரட்டுக்கு ஆள் கூட்டும் நேரத்தில் அவர் மலையேறத் தொடங்குவார். பகலில் எவரையும் காண முடியாது. எல்லோரும் மலையில் நிற்பர். ஆதலால் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். அந்திவேளையில் லயத்துக்கு லயம் செல்வார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று. அதில் ஒரு குடும்பம். அடுப்பும் அங்கேயே, படுக்கையும் அங்கேயே. வாசலில் அவர் உட்கார்ந்தால் முதலில் வருவது செபமன்று, கடிதம். ஊரிலிருந்து வந்ததைப் படித்துக் காட்ட வேண்டும். போக வேண்டியதை எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரிலே தாய் இறந்த செய்தியை மூன்று மாதங் கழித்து ஒருவனுக்குப் படித்துக் காட்டியவரும் அவரே. அதைப் படித்த பின்னர் எழுந்து போய்விடாமல் அவனோடு உட்கார்ந்திருந்தவரும் அவரே. படிப்பு வாசனையற்ற மக்களிடையே எழுத்தறிந்த ஒருவர் இவ்வாறு வீடு தேடி வருவது சிறிய காரியமன்று.

பதுளையிலிருந்து பசறை வழியாகச் செல்லும் பஸ்ஸில் நாம் ஏறியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. நமுனுகுல மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு முகங்காட்ட மறுத்தது. பாதையோரத்துக் கடையில் இறங்கி, தேயிலைச் செடிகளின் நடுவே ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேரம் ஏறினோம். ஏறும்போது நண்பர் மூச்சு வாங்கவில்லை, எமக்கு வாங்கிற்று. கொழுந்துக் கூடை சுமந்து எதிரே இறங்கிய பெண்கள் எம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விலகினர்.

மேட்டின் மீது அந்தோனியார் கோயில். கோயில் என்பது நான்கு சுவரும் ஒரு தகரக் கூரையுந்தான். மணிக்குப் பதிலாக ஒரு துண்டுத் தண்டவாளம் மரத்தில் தொங்குகிறது. இரும்புக் கம்பியால் தட்டினால் எதிர்மலை வரை கேட்கும். சிறிது கீழே மாரியம்மன் கோயில். அம்மன் திருவிழாவுக்கு மேட்டு வீட்டாரும் வரி கொடுப்பர். அந்தோனியார் கொடியேற்றத்துக்குப் பள்ளத்து வீட்டாரும் வருவர். எம் நண்பரின் சிறு வயதில் தேர்ச் சோடனைக்கும் கோயிற் சோடனைக்கும் ஒரே வாழைமரங்கள் தாம் பயன்பட்டனவாம். கிறிஸ்தவரெல்லாரும் எப்போதும் இவ்வாறே ஒற்றுமையாயிருந்தனர் என்று நாம் கூறவில்லை. அண்மைக் காலத்திற் புதிய சபைகள் வந்து, அயலாரின் சாமிகளைப் பழிப்பதால் மனக்கசப்பு உண்டாயிருக்கும் தோட்டங்களும் உள. இத்தோட்டத்தில் நாம் கண்டதை எழுதுகிறோம்.

நண்பரின் பெரியம்மாவுக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த கை. விரல் நுனிகளிற் கறுத்த கோடுகள் இன்னும் போகவில்லை. நாம் வாசலில் நின்றதும், "வாங்க மாஸ்டர் ஐயா, உக்காருங்க. தம்பி சொல்லிச்சு" என்று பாயை விரித்தார். சாயத் தேநீரும் ஒரு துண்டு சீனியும் வந்தன. எம் மாணவியின் வினாவை நாம் அவரிடம் அப்படியே வைத்தோம். அவர் உடனே விடை கூறவில்லை. அடுப்பைச் சற்றே தள்ளிவிட்டு, எழுபத்துநாலாம் வருசத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

1973, 1974ஆம் ஆண்டுகளில் ஊவாவிலும் ஏனைய மலைநாட்டிலும் தோட்டங்களைப் பஞ்சம் பிடித்தது வரலாறு. உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் விலையேறின, இறக்குமதி சுருங்கிற்று, கூப்பன் அரிசி குறைந்தது, தோட்டங்கள் அரசுடைமையாகிக்கொண்டிருந்த காலமாதலால் வேலை நாட்களும் குலைந்தன. கிராமத்தானுக்கு ஒரு துண்டு நிலமும் ஒரு பலாமரமும் இருந்தன. லயத்திலிருந்தவனுக்கு வாசலைத் தவிர வேறு நிலம் இல்லை. தோட்டங்களில் மரணங்கள் பெருகின. பதுளை, பண்டாரவளைத் தெருக்களிலே தோட்ட மக்கள் கையேந்தி நின்றதை அக்காலத்தார் மறக்கவில்லை.

"அரிசி ஏதுங்க ஐயா? மாவுக்கே வழியில்ல. கெழங்கு தோண்டித் தின்னோம். எங்க ரெண்டாவது புள்ள, ஒண்ணரை வயசு. வயித்தால போயி, மூணே நாளு." அவ்வளவுதான் சொன்னார். நாம் வேறெதுவும் கேட்கவில்லை. அவரே தொடர்ந்தார். குழந்தையை அடக்கஞ் செய்துவிட்டு வந்த பின்னர் அவர் செபம் சொல்வதை விட்டுவிட்டார். கோயிலுக்குப் போகவில்லை. திருச்சுரூபத்தைத் திருப்பி வைத்துவிட்டாராம். அவருடைய மாமனாரே அத்தோட்டத்தின் உபதேசியார். அவர் மருமகளைக் கடிந்துகொள்ளவுமில்லை, ஆறுதல் கூறவுமில்லை. மறுநாள் அந்தியில் அந்த லயத்துக் கிறிஸ்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, அவர் அறையின் வாசலிலேயே செபமாலை தொடங்கினார்.

செபமாலை எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதை அறியாத வாசகர்க்காகச் சிறிது விளக்குவோம். மாதாவை நோக்கிய மன்றாட்டு ஒன்றைப் பலமுறை மணியுருட்டிச் சொல்வது அது. மன்றாட்டின் முற்பாதியை ஒருவர் சொல்வார். பிற்பாதியை மற்றவர் எல்லாரும் சேர்ந்து சொல்வர். ஒருவர் குரல் முடியுமிடத்தில் மற்றவர் குரல் தொடங்க வேண்டும். தனித்திருப்பவன் இரண்டையும் தானே சொல்லலாம். ஆயினும் அதன் அமைப்பு இருவருக்குரியது. அங்கே வாசலில் இருந்தோர் முற்பாதியைச் சொன்னார்கள், பிற்பாதியையும் சொன்னார்கள். உள்ளேயிருந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மறுநாளும் வந்தார்கள். மழையன்றும் வந்தார்கள். "நாப்பது நாளு இருக்கும். எனக்குக் கோவந்தான் வந்துச்சு. ஏன்டா வாசல்ல வந்து கத்துறீங்கன்னு நெனைச்சேன். ஒருநா இருட்டுல, எனக்குத் தெரியாமலே வாயி பின்பாதியச் சொல்லிருச்சு. மாமா காதுல விழுந்திருக்கும். அவரு திரும்பிக்கூடப் பாக்கல. அடுத்த மணிக்குப் போயிட்டாரு."

இதைக் கேட்டபோது, நீற்றறையிலும் கடலிலும் இடப்பட்ட நாவுக்கரசர் பெருமானை நாம் நினைத்துக்கொண்டோம். அவர் தனித்து நின்று பாடினார். அத்தகைய உறுதி அடியாருள் அரசர்க்கு உரியது. பசித்த வயிறும் இழந்த குழந்தையுமாயிருக்கும் சாதாரண மனிதருக்கு அது எளிதன்று. அவர்கள் பாடமுடியாத நாட்களில் அவர்களுக்காகப் பிறர் பாடிக்கொண்டிருக்க வேண்டும். நெஞ்சுரம் என்பதை ஒருவர் தம் உள்ளத்திற் சேர்த்து வைக்கும் பொருளாகவே நாம் வகுப்பில் பேசி வந்திருக்கிறோம். இந்த லயத்தில் அது அறைக்கு அறை கைமாறும் நெருப்பாக இருந்திருக்கிறது. ஒருத்தியின் அடுப்பு அணைந்தால் அடுத்த வீட்டுக் கொள்ளியால் மூட்டிக்கொள்வது மலைநாட்டு வழக்கம்.

நெருப்புடன் மாவும் கைமாறிற்று. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென்று ஒதுக்கி வைப்பது தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களின் பழைய வழக்கம். நம் மடங்களுக்கும் பிடியரிசி கொடுத்ததுண்டு. பஞ்ச காலத்தில் உபதேசியார் அதை நிறுத்தச் சொல்லவில்லையாம். அரிசிப் பானையை எடுத்துவிட்டு மாத் தகரத்தை வைத்தார். மாக் கிடைத்த வீட்டார் ஒரு பிடி போடுவர். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அந்த வீட்டுக்கு அது போகும். பள்ளத்து வீடுகளுக்கும் போயிற்றா என்று கேட்டோம். அவர் எம்மை வியப்புடன் நோக்கி, "பசிக்குச் சாமி வேற வேறயா ஐயா?" என்றார்.

இக்காலத்திலேதான் பதுளை தனி மறைமாவட்டமாயிற்று. 1972ஆம் ஆண்டு டிசம்பரில் கண்டி மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோது, 1959 முதல் கண்டியில் ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, பழைய பெரிய இடத்தை விட்டு, புதிய வறிய இடமான பதுளையைத் தாமே விரும்பி ஏற்றார். சிங்களவர், பெனடிக்தின் துறவி. குருத்துவ மாணவர்கள் நூல்களை மட்டும் படித்து வந்தாற் போதாது, வறியோரிடையே வாழ்ந்து படிக்கவேண்டும் என்று கருதி, பண்டாரவளையில் சேவக செவன என்ற பயிற்சி இல்லத்தை அமைத்தார். அங்கே கற்பித்தவருள் ஒருவர் மைக்கேல் ரொட்ரிகோ அடிகள். அவர் 1980இல் ஊவாவின் கீழ்ப்புறத்திலுள்ள புத்தளைப் பகுதிக்குச் சென்று, சிங்களப் பௌத்த உழவரிடையே ஒரு சிறு குடிலில் வாழ்ந்தார். நிலமிழந்தோர் பக்கம் நின்றார். 1987 நவம்பர் 10ஆந் தேதி மாலை, பூசை நிறைவேற்றிக்கொண்டிருந்த வேளையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயர் லியோ அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1982இல், காலமாகிவிட்டார்.

இவர்களைப் பற்றி இங்கே கூறுவதற்குக் காரணமுண்டு. துன்பத்தைப் பொறுத்துக்கொள் என்று மட்டும் போதிக்கும் சமயம் துரைக்கே வசதி. அக்குற்றச்சாட்டு கிறிஸ்தவத்தின் மீது மலைநாட்டில் நெடுங்காலமாக உண்டு, நியாயமின்றியும் இல்லை. அதே சமயம், பெரியம்மாவின் கணவர் அந்தோனியார் கோயிலில் வாசகம் படிப்பவராகவும் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவராகவும் ஒருங்கே இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைப் பிடித்த கை திங்கட்கிழமை பிரட்டுக் களத்தில் துரையை நோக்கி நீண்டது. "ரெண்டும் ஒரே வேலதான்னு சொல்லுவாரு" என்றார் அம்மையார். பொறுமையும் எதிர்ப்பும் ஒரே மனிதனிடத்திற் குடியிருக்க முடியும் என்பதை நூலில் வாசித்து அறிவதைவிட அந்த வாசலில் கேட்டறிவது நன்று.

பேச்சு மெல்ல இந்தியாவுக்குத் திரும்பிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதை மாணவர் அறிவர். 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தம், ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. அவர்களையும் 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். தாய்க்கு ஒரு தேசம், மகனுக்கு ஒரு தேசம் எனக் கடவுச்சீட்டுகள் வந்த குடும்பங்கள் பல. தலைமன்னாருக்குச் செல்லும் வண்டிக்கு மலைநாட்டார் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டார்கள். வேறு விளக்கம் தேவையில்லை.

பெரியம்மாவின் கொழுந்தனார் குடும்பம் 1977இல் அவ்வண்டியில் ஏறிற்று. அன்று காலை உபதேசியார் பெட்டியிலிருந்து ஒரு நீண்ட குறிப்பேட்டை எடுத்து, போகிறவர்கள் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டாராம். அந்தக் குறிப்பேடு இன்னும் இருக்கிறது. அம்மையார் உள்ளே சென்று, தகரப் பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணியிற் சுற்றியிருந்த அதைக் கொண்டுவந்து எம் கையில் வைத்தார். ஓரங்கள் செல்லரித்திருந்தன. நீல மையில், அழகிய நிறுத்தெழுத்தில், ஞானஸ்நானம் பெற்றோர், விவாகஞ் செய்தோர், மரித்தோர், ஊருக்குப் போனோர் என நான்கு தலைப்புகள். ஞானஸ்நானப் பதிவின் முறையான ஏடு பங்குக் கோயிலில் இருக்கும். இது உபதேசியார் தம் பொருட்டு எழுதி வைத்தது. பிரட்டுப் பதிவிலே இவர்கள் எண்கள். அரசாங்கக் காகிதங்களில் இலட்சங்கள். இந்த ஏட்டில் மட்டும் ஒவ்வொருவருக்கும் தந்தை பெயரும் தாய் பெயரும் அறை எண்ணும் இருந்தன. 1974இன் பக்கத்தில், மரித்தோர் வரிசையில், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றின் பெயரைக் கண்டோம். அம்மையாருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆயினும் பக்கத்தைத் திருப்பாமலே அது எங்கேயிருக்கிறதென்று விரலால் தொட்டுக் காட்டினார்.

1983 ஜூலைக் கலவரத்தைப் பற்றி அவர் அதிகம் பேச விரும்பவில்லை. பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. புகை இங்கிருந்தே தெரிந்ததாம். மூன்று இரவுகள் தேயிலைச் செடிகளின் அடியிற் படுத்திருந்தார்கள். குழந்தைகள் அழாதிருக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். செபமாலையை வாய்விட்டுச் சொல்ல முடியாமையால் மணிகளை ஒருவர் உருட்டி அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். கீழ்க் கிராமத்துச் சிங்களக் குடும்பம் ஒன்று இரவில் பாண் கொண்டுவந்து பாறையின் மேல் வைத்துவிட்டுப் போயிற்று. அக்குடும்பத்தின் மூத்தவர் இறந்தபோது அவருடைய பெயரையும் மாமனார் ஏட்டிலே எழுதினார் என்பதை நண்பர் எமக்குக் காட்டினார். சிங்களப் பெயர், தமிழ் எழுத்து.

மறுநாள் நாம் பண்டாரவளை சென்று கொஸ்லந்தை வழி பிடித்தோம். தியலும அருவிக்குச் செல்லும் பாதை அது. அதன் அயலில், பூனாகலை மலையின் அடிவாரத்தில், மீரியபெத்தைத் தோட்டம் இருந்தது. 2014 அக்டோபர் 29ஆந் தேதி காலை மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. ஆபத்து உண்டென்று நிபுணர்கள் முன்னரே எச்சரித்திருந்தனர். மக்களை அப்புறப்படுத்தும் வேலைதான் நடக்கவில்லை. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் பிழைத்தனர். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடு இல்லை. சிலருக்குத் தாய் தந்தையும் இல்லை. எடுக்கப்பட்ட உடல்கள் சில. மண்ணோடு மண்ணானவை பல. இன்று அவ்விடத்திற் புல் வளர்ந்திருக்கிறது. வழியறிந்த ஒருவர் காட்டினாலன்றி, கீழே ஓர் ஊர் இருந்ததென்று சொல்ல முடியாது. அங்கே நின்று விதி, கர்மம், தேவசித்தம் என்று எதையும் சொல்ல எமக்கு நா எழவில்லை. நண்பரும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாரே ஒழிய ஒன்றும் பேசவில்லை. இறந்தோரிற் பெரும்பாலோர் இந்துக்கள்.

திரும்பும் வழியில் நண்பர் ஒன்று சொன்னார். நவம்பர் 2ஆந் தேதி கத்தோலிக்கர் மரித்தோரை நினைவுகூரும் நாள். அந்த ஆண்டு அது மண்சரிவுக்கு நான்காம் நாள் வந்தது. பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் அப்பொழுது உபதேசியார் இல்லை. மாமனார் இறந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய பேர்த்தி, பிள்ளைக் காம்பராவில் ஆசிரியையாக இருப்பவள், ஏட்டை எடுத்து வாசிக்க வேண்டியவளானாள். பத்திரிகையில் வந்த மீரியபெத்தைப் பெயர்களை முந்தின இரவு அதிலே நகல் செய்திருந்தாள். இந்துப் பெயர்களைக் கோயிலில் வாசிக்கலாமா என்று யாரோ ஒருவர் கேட்டாராம். பெரியம்மா எழுந்து தண்டவாளத் துண்டைத் தட்டினார். அவள் வாசிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு எல்லோரும் பிற்பாதியைச் சொன்னார்கள். மாரியம்மன் கோயிற் பூசாரியும் அன்று மேலே ஏறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி வரிசையில் நின்றிருந்தார். அவருக்கு அந்தச் செபம் தெரியாது. பக்கத்தில் நின்ற சிறுவன் சொல்லச் சொல்ல அவரும் சொன்னார்.